சீம்லி 2டி: கோட்டுக்குக் கணக்குக் கேட்கும் பேட்டர்ன் மென்பொருள்

கணினியில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வடிவம்) போடக் கற்றுக்கொள்ள விரும்பும் தையற்கலைஞர்கள், ஃபேஷன் டிசைனிங் மாணவிகள், வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுக்கும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டின் முன்னறையில் சொந்தமாகத் தையற்கடை நடத்துகிறேன். கடந்த பதினொரு மாதங்களாக என் கடையில் பிரவுன் பேப்பரில் நேரடியாக வரைவதைக் குறைத்துக்கொண்டு, சீம்லி 2டி என்ற இலவச மென்பொருளில் பேட்டர்ன் வரைந்து அச்செடுத்து வெட்டிவருகிறேன். அதற்கு முன்பு தனியார் பயிற்சி மையம் ஒன்றில் மூன்று மாத வகுப்புக்கும் சென்றிருந்தேன். இரண்டையும் அனுபவித்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: வெட்டுக்கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு இந்த மென்பொருள் நல்ல ஆசிரியர், வெட்டுக்கணக்கு ஏற்கெனவே கைவந்து, தொழிற்சாலை வேகம் மட்டுமே தேவைப்படுகிறவருக்கு இது போதாது.

சாம்பிள் பிரிவில் எங்களுக்கு மேலே இருந்த கட்டிங் மாஸ்டருக்கு அப்போதே அறுபது வயதுக்கு மேல். நாங்கள் பேப்பரில் வரைந்து கொண்டுபோய்க் காட்டினால், கோடு நேராக இருக்கிறதா, வளைவு அழகாக இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் முதலில் பார்க்கமாட்டார். பென்சிலால் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டு, "இது எப்படி இங்க வந்துச்சு, கணக்குச் சொல்லும்மா" என்பார். மார்பில் நான்கில் ஒன்றுடன் அரை இஞ்ச் தளர்வு என்று சொன்னால் தலையசைப்பார். "பழைய பேட்டர்ன்ல இப்படித்தானுங்க இருந்துச்சு" என்று சொன்னால் பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு அது கடுமையாகத் தோன்றியது. சீம்லியில் முதல் பிளவுஸை வரைந்த அன்று, அவர் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு புள்ளியிலும் இந்த மென்பொருள் கேட்பதை உணர்ந்தேன்.

பயிற்சி மையத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பெயரையோ அங்கே கற்றுக்கொடுத்த மென்பொருளின் பெயரையோ சொல்லப்போவதில்லை. இப்படி நடப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும் என்றும் நினைக்கவில்லை. பதினான்கு பேர் படித்த வகுப்பில் உரிமம் பெற்ற மென்பொருள் இரண்டு கணினிகளில் மட்டுமே இருந்தது. மாலை இரண்டு மணி நேர வகுப்பில் ஒருவர் கைக்கு மவுஸ் வருவது இருபது நிமிடங்களுக்கு மேல் இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த இருபது நிமிடங்களில் நாங்கள் செய்தது என்ன என்பதுதான் என் குறை. அட்டையில் வெட்டி வைத்திருந்த டி-ஷர்ட் துண்டை டிஜிட்டைசர் மேசையில் ஒட்டி, பல பொத்தான்கள் கொண்ட கர்சரால் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அழுத்தி அதைக் கணினிக்குள் ஏற்றினோம். பிறகு அளவு அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு புள்ளிக்கும் கிரேடிங் எண்களை, அதாவது அடுத்தடுத்த அளவுக்கு அந்தப் புள்ளி எவ்வளவு நகர வேண்டும் என்பதை, தட்டினோம். அரை மார்பு ஓர் அளவுக்கு 2 செ.மீ. கூடினால், மடிப்பில் வைத்த பாதித் துண்டில் பக்கத் தையல் புள்ளி 1 செ.மீ. வெளியே நகர வேண்டும் என்பது வரை எனக்குப் புரிந்தது. ஆர்ம்ஹோலின் (கை பொருத்தும் வளைவின்) நடுப்புள்ளி அந்த அளவுக்கு நகராமல் ஏன் குறைவாக நகர்கிறது என்று கேட்டேன். "சார்ட்டுல அப்படித்தான் இருக்கு" என்று பதில் வந்தது. மூன்று மாதங்கள் முடிந்தபோது எந்தப் படத்தை அழுத்தினால் என்ன வரும் என்பது மனப்பாடமாகியிருந்தது. ஒரு வெள்ளைத் திரையைக் கொடுத்து, 36 இஞ்ச் மார்புக்கு ஒரு முன்பக்கம் வரை என்றால், அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரிந்திருக்காது.

தொழிற்சாலை மென்பொருள்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அமெரிக்காவின் ஜெர்பர் நிறுவனத்தின் அக்யுமார்க், 1973-இல் பிரான்ஸில் தொடங்கிய லெக்ட்ரா நிறுவனத்தின் மோடாரிஸ், இஸ்ரேலில் உருவான ஆப்டிடெக்ஸ், லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த டூகாகேட் ஆகியவை ஆயத்த ஆடைத் தொழிலின் அன்றாடக் கருவிகள். ஒரு காலத்தில் போட்டியாளர்களாக இருந்த ஜெர்பரும் லெக்ட்ராவும், 2021-இல் ஜெர்பரை லெக்ட்ரா வாங்கியதன் மூலம் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. ஒரு ஸ்டைலுக்குப் பல ஆயிரம் பீஸ் வெட்டும் இடத்தில், மார்க்கரில், அதாவது துணியில் எந்தத் துண்டு எங்கே என்று காட்டும் வெட்டுப்படத்தில், துண்டுகளை நெருக்கி அடுக்கித் துணியில் ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினாலும் அது பெரிய தொகை. அந்த வேலைக்காக வளர்ந்த கருவிகள் அவை. பேட்டர்ன் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது மாஸ்டருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அவை நிற்கின்றன. அந்த அறிவைப் பெறாத ஒருவரை நேராக அவற்றின் முன் உட்காரவைப்பதுதான் தவறு.

இனி சீம்லிக்கு வருகிறேன். உக்ரைனைச் சேர்ந்த ஒரு நிரலாளர் 2013-இல் வாலன்டினா என்ற பெயரில் இதற்கான திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது இரண்டாகப் பிரிந்து, வாலன்டினா ஒரு பக்கமும் சீம்லி 2டி மறு பக்கமும் வளர்ந்துவருகின்றன. இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள்; இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான் என்பதால், ஒன்றைக் கற்றவருக்கு மற்றது அந்நியமாக இருக்காது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் இதுவரை தயங்கி நின்றதில்லை. நிறுவிய பின் இணைய இணைப்பும் தேவையில்லை என்பது, மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி போய்விடும் எங்கள் தெருவுக்கு வசதியாக இருக்கிறது.

நிறுவியவுடன் இரண்டு செயலிகள் கிடைக்கின்றன. சீம்லி-மி என்பது அளவுகளை மட்டும் பதிந்துவைப்பது. சீம்லி 2டி என்பது பேட்டர்ன் வரைவது. அளவும் பேட்டர்னும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன என்ற இந்த ஒரு முடிவிலிருந்துதான் இதன் நன்மைகள் எல்லாம் பிறக்கின்றன. ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அளவுக் கோப்பு. ஒரு மாடலுக்கு ஒரு பேட்டர்ன் கோப்பு. என் அளவு நோட்டில் எப்படி ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேனோ, அதே ஒழுங்கு கணினியிலும் வந்துவிட்டது.

சீம்லி-மியில் உடல் அளவுகள் இருநூறுக்கும் மேல் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் உடலில் எங்கிருந்து எதுவரை எடுக்க வேண்டும் என்று படத்துடன் காட்டியிருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. பிளவுஸுக்கு எனக்குத் தேவைப்படுவது பதினான்கு அளவுகள் மட்டுமே. அவற்றுள் மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள் அகலம் போன்றவை பட்டியலில் இருந்தன. பிளவுஸ் உயரம், முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், கை முடியும் இடத்தின் சுற்று ஆகியவற்றை நான் தனியாகச் சேர்த்துக்கொண்டேன். அளவின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தாலும், விளக்கக் கட்டத்தில் "தோள்பட்டை உச்சியிலிருந்து மார்பு முனை வழியாகக் கீழ்ப்பட்டி வரை" என்று தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பெண் அதைப் படித்துத் தானே அளவெடுக்கிறாள்.

வரைவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மென்பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது அதுதான். திரையில் 'ஏ' என்ற ஒரே ஒரு புள்ளி இருக்கும். மவுஸால் இஷ்டப்படி கோடு இழுத்து, கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் இடத்தில் விட்டுவிடும் வழி இங்கே பெரும்பாலும் கிடையாது. அடுத்த புள்ளி வேண்டுமென்றால், எந்தப் புள்ளியிலிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் என்று கேட்டு ஒரு பெட்டி திறக்கும். வலப்பக்கம் 0 பாகை, மேலே 90, இடப்பக்கம் 180, கீழே 270. தூரத்துக்கான கட்டத்தில் 9.5 என்று எண்ணாகவும் தட்டலாம். மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து அரை கூட்டு என்று கணக்காகவும் எழுதலாம். இரண்டுக்கும் 36 இஞ்ச் மார்பில் விடை ஒன்றுதான். ஆனால் எண்ணைத் தட்டியவர் ஒரே ஒருவருக்கான பிளவுஸை வரைந்தார். கணக்கை எழுதியவர் எல்லோருக்குமான பிளவுஸை வரைந்தார். அளவுக் கோப்பை மாற்றியவுடன் எண்ணாகத் தட்டிய புள்ளிகள் அசையாமல் நின்று, கணக்காக எழுதிய புள்ளிகள் மட்டும் நகர்வதைப் பார்க்கும்போது, எந்தெந்த இடத்தில் நாம் யோசிக்காமல் வரைந்தோம் என்பது திரையிலேயே தெரிந்துவிடுகிறது.

என் முதல் கோப்பில் அப்படித் தெரிந்த ஒரு தவறு, பத்து ஆண்டுகளாக என் கையில் இருந்தது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஆர்ம்ஹோல் இறக்கத்துக்கு மார்பில் ஆறில் ஒரு பங்குடன் அரை இஞ்ச் வைத்தேன். தோளையும் மார்பின் பங்காகவே எழுதிவிட்டேன். 36-க்கு அழகாக வந்தது. 44 இஞ்ச் மார்புள்ள ஒருவரின் அளவுக் கோப்பை ஏற்றியதும் தோள் அளவுக்கு மீறி அகன்று, கை தோளிலிருந்து கீழே இறங்கி நின்றது. அந்த அம்மாவின் உண்மையான தோள் அளவை நோட்டில் பார்த்தேன்: 15.5 இஞ்ச். 36 மார்புள்ளவருக்கு 14. மார்பு 8 இஞ்ச் கூடியபோது தோள் கூடியது ஒன்றரை இஞ்ச் மட்டுமே. உடல் பருக்கும்போது எலும்பு அதே விகிதத்தில் அகலாது என்பது எல்லாத் தையற்காரருக்கும் தெரிந்ததுதான். பேப்பரில் வரையும்போது கை தானாகவே அதைச் சரிசெய்துகொள்வதால், அது ஒரு விதியாக மனத்தில் உருப்பெறுவதில்லை. இங்கே அதை எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. தோளைத் தனி அளவாக மாற்றி எழுதிய பின் 36-க்கும் 44-க்கும் ஒரே கோப்பு சரியாக வந்தது. பயிற்சி மையத்தில் நான் கேட்ட கேள்விக்கும் அன்றுதான் விடை கிடைத்தது.

இன்னொன்று கை. பல ஆண்டுகளாக என் பிளவுஸ்களில் கை ஏற்றிய பின் தோளுக்குப் பின்புறம் சின்னச் சுருக்கம் விழும். இஸ்திரி போட்டால் ஓரளவு அடங்கும். தையலில்தான் குறை என்று நினைத்து, கையை மூன்று முறைகூடப் பிரித்துத் தைத்திருக்கிறேன். சீம்லியில் ஒவ்வொரு வளைவையும் வரைந்தவுடன் அதன் நீளத்தை மென்பொருளே ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்கிறது. அதை வேறு கணக்குகளிலும் பயன்படுத்தலாம். என் பழைய முறையிலேயே கையை வரைந்து பார்த்தேன். முன் ஆர்ம்ஹோல் 7.9, பின் ஆர்ம்ஹோல் 8.35, இரண்டும் சேர்ந்து 16.25 இஞ்ச். கையின் மேல் வளைவோ 18 இஞ்ச். முக்கால்வாசி இஞ்சுக்குள் அடங்க வேண்டிய மிகை ஒன்றே முக்கால் இஞ்சாக இருந்திருக்கிறது! அத்தனை துணியை 2x2 ரூபியா பிளவுஸ் துணியில் எந்தத் தையலும் சுருக்கமில்லாமல் உள்ளே தள்ள முடியாது.

திருத்திய முறையில் கையின் உச்சிப் புள்ளியிலிருந்து முன் ஆர்ம்ஹோலின் நீளத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வில் போட்டு, அது கையின் அகலக் கோட்டை வெட்டும் இடத்தில் முன்முனையையும், அதேபோலப் பின் ஆர்ம்ஹோலின் நீளத்தைக் கொண்டு பின்முனையையும் வைத்தேன். வில்லும் கோடும் வெட்டும் புள்ளிக்கென்று தனிக் கருவியே இருக்கிறது. அதன் மேல் வளைவைப் போட்டால், சாய்கோட்டைவிட வளைவு சற்று நீளும். அந்த மிகுதியைக் கையின் உச்சி உயரத்தை மாற்றிமாற்றிப் பார்த்து அரை இஞ்சுக்குக் கொண்டுவந்தேன். தானாகத் தீர்த்துக்கொடுக்கும் வசதி மென்பொருளில் இல்லை. உயரத்தை ஒரு தனி மாறியாக (பெயரிட்டு வைத்து மாற்றக்கூடிய எண்ணாக) வைத்துக்கொண்டு நாமேதான் சற்றுச் சற்றாக ஏற்றியிறக்க வேண்டும். இப்போது ஆர்ம்ஹோலை எங்கே மாற்றினாலும் கை தொடர்ந்து மாறுகிறது. சென்ற ஆவணி முகூர்த்தங்களுக்குத் தைத்த பிளவுஸ்களில் கைக்காக ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

வளைவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிதாகக் கற்பவர்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வளைவின் இரு முனைகளிலும் இரண்டு பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மவுஸால் இழுத்து வளைவை நம் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யலாம். கணக்கே எழுதாமல் கையால் இழுக்க அனுமதிக்கும் சில இடங்களில் இது ஒன்று. ஆகவே மிகச் சுகமாக இருக்கிறது. ஆனால் நாம் இழுத்த நீளத்தை மென்பொருள் வெறும் எண்ணாகவே எழுதிக்கொள்கிறது. என் கோப்பில் ஆர்ம்ஹோலின் கீழ்ப்பிடி 2 இஞ்ச் என்று பதிந்திருந்தது. 36 மார்பில் தோள்முனைக்கும் பக்கத் தையலுக்கும் இடையே குறுக்காக 2.5 இஞ்ச் இருப்பதால் அது பொருந்தியது. 28 மார்புள்ள பள்ளிச் சிறுமியின் பட்டுச் சட்டைக்கு அதே கோப்பைப் பயன்படுத்தியபோது அந்த இடைவெளி ஒன்றரை இஞ்சாகக் குறைந்துவிட, 2 இஞ்ச் பிடி அதைத் தாண்டிப்போய், ஆர்ம்ஹோல் பாம்புபோல நெளிந்தது. நல்லவேளையாகத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது. பிடியின் நீளத்தை அந்த இடைவெளியில் 0.8 பங்கு என்று கணக்காக எழுதியபின் எல்லா அளவுக்கும் வளைவு ஒழுங்காக வருகிறது. வளைவை இழுத்துச் சரிசெய்யுங்கள். சரியானதும் கருவியின் பெட்டியைத் திறந்து, அங்கே இருக்கும் எண்ணைக் கணக்காக மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மற்றொரு கட்டுப்பாடு முதலில் எரிச்சலூட்டும். ஒரு புள்ளியை ஆதாரமாகக் கொண்டு வேறு புள்ளிகள் பிறந்திருந்தால் அந்த முதல் புள்ளியை அழிக்க முடியாது. பேப்பரில் ரப்பரால் அழித்துப் பழகியவர்களுக்கு இது சிறைபோலத் தோன்றும். எதை அடிப்படையாக வைத்து எதை வரையப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்வதே இதற்கு வழி. நான் இப்போது புது மாடல் ஒன்றைத் தொடங்கும் முன், பழையபடி பிரவுன் பேப்பரில் நான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு சிறு படம் போட்டு, புள்ளிகளுக்கு வரிசை எண் கொடுத்துவிட்டே கணினியைத் திறக்கிறேன். அதனால் எல் ஸ்கேலும் பிரெஞ்சு கர்வும் இன்னும் மேசையில்தான் இருக்கின்றன.

வரைபடம் முடிந்ததும் விளிம்புப் புள்ளிகளை வரிசையாகத் தொட்டு ஒவ்வொரு துண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். தையலுக்கு விடும் துணியை விளிம்புக்கு விளிம்பு வேறாக வைக்கலாம். பக்கத் தையலுக்கு ஒன்றரை இஞ்ச், கழுத்துக்குக் கால் இஞ்ச் என்று நம் ஊர் வழக்கப்படி, பின்னாளில் பிரித்துப் பெரிதாக்குவதற்கு உள்ளே துணி விட்டுத் தைக்கும் பழக்கத்துக்கு இது நன்றாக ஒத்துவருகிறது. நாட்ச் (துண்டுகள் சேரும் இடத்தைக் காட்டும் குறி), நூலோட்டக் கோடு, துண்டின் பெயர், எத்தனை வெட்ட வேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்க்கலாம். இந்தப் பகுதியில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை, ஒருநாளில் பழகிவிடும்.

அச்செடுப்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பேட்டர்னைப் பிடிஎஃப் ஆகவும், பிற மென்பொருள்கள் படிக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஆகவும் சேமிக்கலாம். முழுத் தாளாகச் சேமித்துப் பிளாட்டர் (அகலமான தாளில் அச்சிடும் இயந்திரம்) உள்ள கடையில் கொடுத்தால், அவர்கள் மீட்டர் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஒரே நீளமாக எடுத்துத் தருவார்கள். அவசரத்துக்கு வீட்டு பிரிண்டரில் ஏ4 தாள்களாகப் பிரித்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பிளவுஸுக்கு எனக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தாள் ஆகிறது. ஒருமுறை அச்சு அமைப்பில் தாளுக்குள் அடக்கும்படி இருந்த தெரிவை மாற்றாமல் விட்டுவிட்டேன். படம் 97 சதவீதமாகச் சுருங்கி அச்சாகிவிட்டது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 36 இஞ்ச் மார்பில் 3 சதவீதம் என்பது ஓர் இஞ்சுக்கும் மேல். நாம் வைத்த தளர்வில் பாதி அதிலேயே போய்விடும். ஒட்டிய பிறகு இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்தபோது கால் மார்பு 9.5-க்குப் பதில் 9.2 காட்டியது. அன்றிலிருந்து எல்லாக் கோப்பிலும் 4 இஞ்சுக்கு 4 இஞ்ச் சதுரம் ஒன்றைத் தனித் துண்டாகச் சேர்த்துவைத்து, முதல் தாளில் அதை அளந்துவிட்டே மற்றத் தாள்களை அச்சிடுகிறேன்.

கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்வதும் முக்கியம். பேட்டர்ன் கோப்பு தன் அளவுக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கும். அளவுக் கோப்பை இடம் மாற்றினால், அடுத்த முறை திறக்கும்போது அது எங்கே என்று கேட்டு நிற்கும். வேறொருவருடைய கோப்பை அவசரத்தில் காட்டிவிட்டால், எந்தக் கேள்வியும் கேட்காமல் அந்த அளவுக்கே வரைந்துவிடும்.

இது எதற்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மார்க்கருக்கு இது ஈடாகாது; துண்டுகளைத் தாளில் அடுக்கும் வசதி இருந்தாலும், நூற்றுக்கணக்கான துண்டுகளை நெருக்கி அடுக்கிச் சதவீதம் பார்க்கும் வேலையை இதை நம்பிச் செய்ய முடியாது. எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லா அளவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துப் புள்ளிக்குப் புள்ளி திருத்திப் பழகிய மெர்ச்சன்டைசருக்கும் மாஸ்டருக்கும் இதன் வழி சுற்றுவழியாகத் தோன்றும். கொரியாவின் கிளோ போலத் துணி உடலில் விழுவதை முப்பரிமாணத்தில் காட்டும் வசதியும் இதில் இல்லை. பனியன் துணியின் இழுவையைத் தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எத்தனை சதவீதம் குறைத்து வரைய வேண்டும் என்பதை நாமே துணியை இழுத்துப் பார்த்து மாறியாக எழுத வேண்டும். நான் பயன்படுத்துவது ஆங்கில இடைமுகம். ஆங்கிலம் அறியாத என் உதவியாளருக்கு ஒவ்வொரு கருவியின் பெயரையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலைக்குப் போகிறவர்களிடம் திருப்பூர் நிறுவனங்கள் கேட்பது தாங்கள் வைத்திருக்கும் மென்பொருளின் அனுபவத்தைத்தான் என்பது. கேட் (CAD, கணினியில் பேட்டர்ன் வரையும்) ஆபரேட்டர் வேலைக்குப் போக நினைப்பவர், சீம்லியில் நான்கைந்து மாதம் கணக்கைப் பழகிவிட்டு, பிறகு அந்த மென்பொருளுக்கான வகுப்பில் சேர்வது நல்லது. அப்படிச் சேர்கிறவர் வகுப்பில் பொத்தானைக் கேட்கமாட்டார், காரணத்தைக் கேட்பார். வகுப்பில் சேரும் முன் எத்தனை பேருக்கு எத்தனை கணினி, வெள்ளைத் திரையிலிருந்து வரையச் சொல்லித்தருவார்களா என்ற இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனி வாடிக்கையாளருக்குத் தைப்பவர்களுக்கு இது கொடுக்கும் பலனை ஒரே ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அத்தை; பல ஆண்டுகள் இடது தோளில் தண்ணீர்க் குடம் சுமந்தவர். இடது தோள் வலதைவிட முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கும். எத்தனை பேரிடம் தைத்தாலும் இடது பக்கம் கழுத்து நழுவி, பின்பக்கம் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்துகொண்டே இருந்தது. "எனக்கு அமையாதும்மா, வுடு" என்று அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். வலது, இடது தோள் இறக்கங்களை இரண்டு தனி அளவுகளாகச் சேர்த்து, வலது பாதியை வரைந்து, அதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிடாமல், இடது பாதியைத் தனியாக அதே கணக்குகளோடு, தோள் இறக்கத்தை மட்டும் மாற்றி வரைந்தேன். இறங்கிய தோளுக்கு ஏற்ப ஆர்ம்ஹோலும், ஆர்ம்ஹோலுக்கு ஏற்பக் கையும் தாமாகவே அமைந்தன. இடப்பக்கத் துண்டுகளில் 'இ' என்று பெரிதாக எழுதி வெட்டினேன். போட்டுப் பார்த்த அத்தை கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே மூன்று பிளவுஸ் துணி கொண்டுவந்து கொடுத்தார். எட்டு மாதம் கழித்து இடுப்பு இரண்டு இஞ்ச் கூடி வந்தபோது, அளவுக் கோப்பில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி அச்செடுத்தேன், சரியாக இருந்தது.

கையில் பேட்டர்ன் போடத் தெரிந்தவருக்கு, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், முதல் பிளவுஸை வரைய மூன்று வாரமாவது ஆகும்; அடுத்ததற்கு ஒரு வாரம் போதும். முதலில் பாவாடையிலோ நேரான குர்தாவிலோ தொடங்குவது நல்லது, ஏனென்றால் அவற்றில் வளைவுகள் குறைவு. பேட்டர்ன் போடவே தெரியாதவர், பக்கத்தில் கணக்குச் சொல்லித்தர ஒருவர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். மென்பொருள் காரணத்தைக் கேட்குமே தவிர, காரணத்தைச் சொல்லித்தராது.

இப்போது கட்டோரி பிளவுஸுக்கான (மார்புப் பகுதியில் கிண்ண வடிவத் துண்டு வைத்துத் தைப்பது) கோப்பை வரைந்துகொண்டிருக்கிறேன். 36-க்கும் 38-க்கும் கிண்ணத்தின் வளைவும் அது சேரும் விளிம்பும் ஒத்துவந்துவிட்டன. 42-இல் இன்னும் 0.2 இஞ்ச் வித்தியாசம் இருக்கிறது. மார்பு முனையின் உயரத்தை எந்த அளவோடு கட்ட வேண்டும் என்பதில்தான் கணக்கு தவறியிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். அதற்காக ஐந்து வாடிக்கையாளர்களிடம் அந்த அளவை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.